கொற்கைக் கீரைப்புழுவின் தொன்மை: ஒரு முன்னோட்ட ஆய்வு

கொற்கையில் முத்து விளைந்ததில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. கீரைப்புழு இருந்ததா என்பதில் அவர்களுக்குக் கருத்தே இல்லை. இந்த ஆய்வு இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை.

புழுவின் தாய், பழுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டை போட்ட சிற்றந்து. லின்னேயசின் மாணவர் ஃபாப்ரிசியஸ் 1775இல் அதற்குப் பெயரிட்டார். பின்வந்தவர்கள் ஹைமீனியா என்றார்கள், ஜிங்கேனியா என்றார்கள், இப்போது ஸ்போலேடியா ரிகர்வேலிஸ் என்கிறார்கள். இத்தனை பெயர்மாற்றத்திலும் கீரைக்கு ஓர் ஓட்டை குறையவில்லை.

உணவுச்செடிகள்: முளைக்கீரை, தண்டுக்கீரை, குப்பைக்கீரை. வயலோரச் சாரணையும் உண்டு. பீட்ரூட் இலை, பிற்காலச் சேர்க்கை. பக்கத்து ஊரான ஆத்தூரின் வெற்றிலை புவிசார் குறியீடு பெற்றது. புழு அதைப் பொருட்படுத்தவில்லை.

இனி, தலையாய சிக்கல். பச்சைப்புழு இலையை நூலால் சேர்த்துக் கட்டி, உள்ளே இருந்தபடி சுரண்டுகிறது, பிறகுதான் ஓட்டை. 1968-69 அகழாய்வில் கொற்கையில் எழுத்துக் கீறிய பானையோடுகள் கிடைத்தன. அங்கே எடுத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்றார்கள். பானையோட்டில் கீறல் இருந்தால் நாகரிகம், கீரையில் கீறல் இருந்தால் பூச்சியா? இது என்ன நீதி? என்னிடமுள்ள தண்டுக்கீரை இலையொன்றில் இடமிருந்து வலமாக ஐந்து துளைகள் தெளிவாகப் படிக்கக் கிடைக்கின்றன. ஆறாவது சிதைந்துள்ளது, அங்கே மன்னன் பெயர் இருந்திருக்க வேண்டும்.

“ஓட்டை இருந்தாத்தான் அண்ணாச்சி மருந்தடிக்காத கீரை” என்பது மூலச் சான்று (கீரைக்காரம்மா, வாய்மொழி, காலை ஏழு மணி). “நேத்து பறிச்சது” என்றும் ஒரு குறிப்பு உண்டு (மேலது, வாசற்படி, கூடையின் அடிக்கட்டு). “இன்னைக்குப் பறிச்சது” என்பது பாடபேதம் (மேலது, பேரத்துக்கு முந்தைய பதிப்பு, சில்லறை தந்தபின் வெளிவந்த திருத்திய பதிப்பில் இவ்வரி இல்லை, அடுத்த வீட்டுப் படியில் மீண்டும் காணப்படுகிறது).

மூவாயிரம் ஆண்டு இலை தாங்குமா என்று கேட்பார்கள். தாங்காது. ஆகவேதான் சான்று கிடைக்கவில்லை. கிடைக்காத அளவுக்கு அது பழையது. இந்த முறையியல் எனதல்ல. கருத்தரங்குகளில் மதிய உணவுக்கு முந்தைய அமர்வுகளில் கற்றது.

கொற்கையைக் ‘கொல்கோய்’ எனக் குறித்த தாலமி, புழுவைப் பற்றி மூச்சு விடவில்லை. மறைத்தார் என்றே கொள்ள வேண்டும். அந்துப்பூச்சியோ கடல் தாண்டிப் பறக்க வல்லது. வெப்ப நாடுகளிலெல்லாம் இன்று காணப்படுகிறது. எனவே கொற்கைத் துறையிலிருந்துதான் உலகெங்கும் சென்றது என்பது வெள்ளிடைமலை. தாமிரபரணி வண்டலால் கடல் பின்வாங்கிச் சில கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டதால், திரும்பி வந்தவை துறையைக் காணாமல் கீரைப் பாத்தியில் இறங்கின.

மேற்படி ஐந்து துளை இலையைப் பார்வையிட விரும்பும் அறிஞர்களுக்கு ஓர் அறிவிப்பு: அதை வீட்டில் பூண்டு போட்டுக் கடைந்துவிட்டார்கள். வாசிப்பில் ஐயமுள்ளவர்கள் என் படியெடுப்பையே நம்ப வேண்டும்.