எப்போ வர்றீங்க தம்பி?

பகலில் வங்கிக் கவுன்ட்டர்; சாயங்காலம் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீரங்கம் போய், படுக்கையில் கிடப்பவர்களுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்து ஜெபித்துவிட்டு வருகிறவரிடம் கேட்கிறார்கள்: “முழுநேர ஊழியத்துக்கு எப்போ வர்றீங்க தம்பி?” சபைச் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறினால்தான் பரலோகத்தில் வருகைப்பதிவு போலும்!

1762-இல் திருச்சிக்கு வந்த மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்துக்கும் பாதிரியாராக இருந்து கம்பெனிச் சம்பளம் வாங்கியவர். அதில் கணிசமான பங்கை மிஷனுக்கே செலவழித்தார். கூடாரம் தைத்துப் பிழைத்த பவுலைப் பற்றி உருகிப் பிரசங்கிப்பவர்களும் முதல் தேதி கவரை எண்ணத்தான் செய்கிறார்கள். தப்பில்லை, பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டுமே.

திருச்சிப் பக்கத்துக் குளத்தூர் வேதநாயகம் பிள்ளையும் முழுநேர ஊழியர் இல்லை; கோர்ட்டில் முன்சீப் வேலை. அவர் எழுதிய கீர்த்தனைகளை இன்றும் கச்சேரிகளில் பாடுகிறார்கள்.