சதுர அடிக் கணக்கு

கார் ஷெட்டுக்கு ஷட்டர் போட எவ்வளவு ஆகும் என்று திருச்சியில் யாரைக் கேட்டாலும் முதலில் தொகை வராது. "வீடு எந்தப் பக்கம் சார்?" என்ற கேள்விதான் வரும். தில்லைநகர் என்றால் குரலில் மரியாதை கூடும். அந்த மரியாதைக்கும் சேர்த்து ரேட் கூடும். ஸ்ரீரங்கம் என்றால், "தெருவுக்குள்ள லோடு ஆட்டோ வருமா?" என்று கவலைப்படுவார்கள். மன்னார்புரம் என்றால் மட்டும் ஒரு கணம் யோசிப்பார்கள். பழைய வீடா, புது அடுக்குமாடியா, பென்ஷன் குடும்பமா, சம்பளக் குடும்பமா என்று அந்த ஒரு கணத்தில் நம் வீட்டு வரவுசெலவு முழுவதும் அவர்கள் மனசுக்குள் ஓடி முடிந்துவிடும். அதன் பிறகும் தொகை வராது. "அளந்துதான் சார் சொல்லணும். சதுர அடிக் கணக்கு."

எங்கள் வீட்டுப் பழைய ஷட்டர் அப்பா காலத்தது. பத்தடிக்கு எட்டடி, ஏறக்குறைய 100 கிலோ இருக்கும். அதை அம்மாகூட ஒற்றைக் கையால் ஏற்றிவிடுவார் என்றால் அது எங்கள் வம்சத்து வலிமை அல்ல. மேலே உருளைக்குள் சுருண்டு கிடக்கும் ஸ்பிரிங்கின் கைங்கரியம். ஷட்டரை இறக்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறும். ஏற்றும்போது அந்த முறுக்கு பிரிந்து, பாரத்தில் பெரும்பங்கைத் தானே சுமந்துகொள்ளும். ஒரு மத்தியானம் 'டங்' என்று ஒரு சத்தம். யார் வீட்டிலோ சிலிண்டர் வெடித்துவிட்டதோ என்று தெருவே வெளியே வந்து பார்த்தது. அன்றிலிருந்து ஷட்டரைத் தூக்க நான், என் மனைவி, எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் என்று மூன்று பேர் தேவைப்பட்டோம். பையனுக்கு செமஸ்டர் பரீட்சை வந்தபோது கார் உள்ளேயே தங்கிவிட்டது.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் சில ஆயிரங்களில் முடிந்துவிடும் என்றுதான் பட்டறைக்காரரைக் கூப்பிட்டோம். அவர் வந்து ஸ்பிரிங்கைப் பார்க்கவேயில்லை. குனிந்து, ஷட்டரின் அடித்தகட்டை ஆள்காட்டி விரலால் மெல்ல அழுத்தினார். விரல் அந்தப் பக்கம் போய்விட்டது. துளைக்குள் விரலை வைத்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

பிறகு டேப்பை எடுத்தார். வாசல் பத்துக்கு எட்டு. பெருக்கினால் 80 சதுர அடி. இது மூன்றாம் வகுப்புக் கணக்கு. அவர் டேப்பில் அது பத்தரைக்கு ஒன்பதரை ஆயிற்று. "நூறுன்னு வச்சுக்கலாம் சார்." இரண்டு பக்கமும் சேனலுக்குள் போகிற தகடு, மேலே பெட்டிக்குள் சுருண்டே கிடக்கிற தகடு, எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. தொழிலில் இதுதான் வழக்கம். நியாயமும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதுவும் இரும்புதானே. மன்னார்புரத்தில் ஒருவருக்கு 20 சதுர அடி சும்மா கூடுவதெல்லாம் லேசில் நடக்கிற காரியமா? நிலமாகக் கூடியிருந்தால் இந்நேரம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் நின்றிருப்பேன்.

அடுத்தது கேஜ். தகட்டின் கனத்தைச் சொல்லும் எண் இது. 18 கேஜ் என்றால் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9 மில்லிமீட்டர். எண் ஏற ஏறத் தகடு மெலியும். வாழ்நாள் முழுக்க எண்களைப் பெரிதாக்குவதற்காகவே உழைத்துத் தாசில்தாராக ஓய்வுபெற்ற என் மாமனாரால் இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "பதினெட்டுன்னு சொல்லி ஏமாத்தப் பாக்குறான் மாப்ளே. நீங்க இருபத்திரண்டே போடச் சொல்லுங்க. காசைப் பாக்காதீங்க" என்றார். பட்டறைக்காரர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். மாமனார் ஊருக்குப் போகும்வரை காத்திருந்து 18-க்கு முன்பணம் கொடுத்தேன்.

மற்ற ஊர்களில் ஷட்டர் வேலைக்கு ஷட்டர்காரர் போதும். திருச்சியில் அப்படி நடக்காது. இந்த ஊர், மின் நிலையங்களுக்கு பாய்லர் செய்து அனுப்புகிற ஊர். வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை 1975-ல் பெல் இங்கேதான் ஆரம்பித்தது. போதாக்குறைக்குப் பொன்மலையில் ரயில்வே பணிமனை. ஆக எங்கள் தெருவில் மாலை ஆறு மணிக்கு நடைப்பயிற்சி போகிறவர்களில் பாதிப்பேர் பெல் ஓய்வு, மீதிப்பேர் பொன்மலை ஓய்வு. வெல்டிங் பொறி தெறிக்கிற சத்தம் கேட்டால் இவர்களுக்குக் கால் நகராது.

முதலில் பெல் சார் நின்றார். சேனலில் போட்டிருந்த பற்றுக்குக் கிட்டே போய்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "எக்ஸ்ரே எடுத்தீங்களா?" என்றார். வெல்டர் தம்பி, யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்லீங்கய்யா" என்றான். இந்தப் பற்றுக்குள் காற்றுக்குமிழி இருக்கலாம், பாய்லர் குழாயாக இருந்தால் இதை அறுத்தெறிந்திருப்போம் என்று பெல் சார் விளக்கினார். இது ஷட்டர்தானே என்றேன். "இன்னிக்கு ஷட்டர்" என்றார் அவர்.

அதற்குள் பொன்மலை சார் வந்துவிட்டார். அவருடைய அக்கறை வேறு. ரயில் பெட்டி தயாரானால் பாரம் ஏற்றிச் சோதிப்பார்களாம். ஷட்டருக்கு என்ன சோதனை? கேள்வி கேட்டதோடு நில்லாமல் பாதி இறங்கிய ஷட்டரின் அடிக்கட்டையைப் பிடித்துத் தொங்கியும் காட்டினார். வயது எழுபதுக்கு மேல். ஷட்டர் அவரோடு சேர்ந்து நிதானமாகத் தரைக்கு வந்தது. பெல் சார் பார்வையில் அது வெல்டிங்கின் தோல்வி. பொன்மலை சார் கணக்கில் ஸ்பிரிங்கின் வெற்றி. இரண்டு பேரும் வாதாடி முடிப்பதற்குள் அம்மா இரண்டு முறை காபி போட்டார். அந்தக் காபித்தூள் எந்தக் கொட்டேஷனிலும் வராது.

நடுவில் பட்டறைக்காரர் மோட்டார் ஆசை காட்டினார். 18,000 ரூபாய்தான், ரிமோட்டை அழுத்தினால் போதும் என்றார். அமெரிக்காவில் இது புதுசே இல்லை. மேலே தூக்குகிற கார் ஷெட் கதவை சி.ஜி. ஜான்சன் என்பவர் 1921-ல் கண்டுபிடித்தார். 1926-லேயே அதற்கு மின்சார மோட்டாரும் வந்துவிட்டது. நூறு வருஷம் பொறுத்தவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுப்போமே என்று அம்மா சொல்லிவிட்டார். வீட்டில் ஏற்கெனவே டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று என்று ரிமோட்டுகள் கிடக்கின்றன. சேனல் மாற்றப்போய் ஷட்டர் திறந்துகொண்டால் யார் பொறுப்பு?

வேலை இழுத்தது. ஸ்பிரிங் வரவில்லை, கரண்ட் இல்லை, தம்பிக்கு ஊரில் காதுகுத்து. கேட்டால் பட்டறைக்காரர் ஸ்ரீரங்கத்துப் பக்கம் கையைக் காட்டுவார். "ராஜகோபுரம் 400 வருஷம் மொட்டைக் கோபுரமாத்தான் சார் நின்னுச்சு. 1987-ல முடிக்கலையா? இப்ப 236 அடி!" சதுர அடியா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. முன்பணம் அவரிடம் இருந்தது.

கடைசியில் பில் வந்தது. சதுர அடிக்கு 270 ரூபாய், 100-க்கு 27,000. பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 4,860. (பில் வேண்டாம் என்றால் அது வேண்டாம் என்று கண்ணால் ஒரு சாடை. பெல் சார் பக்கத்திலேயே நின்றதால் சட்டப்படி நடந்துகொண்டேன்.) லோடு ஆட்டோ 900. சேனலுக்காகச் சுவரைக் கொத்தியதை ஷட்டர்காரர் பூசமாட்டார். அதற்குக் கொத்தனாரும் சித்தாளும், 3,600. மணல், சிமெண்ட் 1,000. ரெட் ஆக்ஸைடும் அதன்மேல் எனாமலும் அடிக்க பெயின்டர் 2,500. ஆக 39,860. இதில் பழைய ஷட்டருக்குக் கழிவு உண்டு. நேற்றுவரை மூன்று பேரின் இடுப்பை ஒடித்த அந்த 100 கிலோ ஷட்டர், பழைய இரும்புக்கடைத் தராசில் 58 கிலோதான் இருந்தது. "மிச்சத்தைத் துரு தின்னுடுச்சு சார்." கிலோ 28 வீதம் 1,624 கழிந்தது. யாராவது இனிமேல் என்னிடம் ஷட்டர் என்ன விலை என்று கேட்டால், தகட்டு விலையைச் சொல்லி, அதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள், காபித்தூள் தனி என்றே சொல்வேன்.

டல்லாஸில் இருக்கும் மச்சானிடம் புலம்பினேன். அவர் வீட்டில் போன மாதம் ஸ்பிரிங் உடைந்ததாம். ஒன்று போனால் இரண்டையும் சேர்த்து மாற்றவேண்டும் என்று 400 டாலர் வாங்கிவிட்டார்களாம். ஏறக்குறைய 35,000 ரூபாய். கதவு அதே பழைய கதவு. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் முகம் அன்றுதான் மலர்ந்தது.

மலர்ந்ததோடு விட்டிருக்கலாம். மச்சான் படித்தவர், கூடுதலாக ஒரு தகவல் சொன்னார். அங்கே சாதாரண ஸ்பிரிங்குக்கு 10,000 முறை ஏறி இறங்குவதுதான் ஆயுள். நாலு முறை திறந்து மூடுகிற வீட்டில் ஏழு வருஷம்கூட வராது. அது அவர்கள் ஊர் கதவு, நம்முடையது வேறு வகை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு முடித்துவிட்டார். நாளைக்கு ஒரே தடவை என்றால் 27 வருஷம்.

ஷெட்டுக்குள் இப்போது கொலுப்படி, ஆட்டுக்கல், அப்பாவின் சைக்கிள், ஏணி எல்லாம் மழை வெயில் படாமல் சௌக்கியமாக இருக்கின்றன. ஆபீசுக்குப் போகிற நேரம் ஸ்பிரிங்கின் நேரத்தோடு ஒத்துவராததால் கார் தெருவில், வேப்பமரத்தடியில், காக்கை எச்சத்தோடு நிற்கிறது. நேற்று சாயங்காலம் பெல் சார் வந்தார், தண்ணீர்த் தொட்டி கழுவ ஏணி வேண்டுமாம்.

"இன்னிக்குத் தடவை முடிஞ்சுபோச்சுங்க" என்றார் அம்மா. "காலையில ஏழு மணிக்கு ஏத்துவோம். அப்ப வந்து எடுத்துக்கங்க. கழுவினதும் வெளியவே சாத்தி வைங்க, மறுநாள் ஏத்தும்போது நாங்க உள்ள வச்சுக்கிறோம்."