சண்டை போடும் முன் ஒரு கேபிள்

கேள்வி: 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். ஸ்பீடு டெஸ்ட்டும் 90க்கு மேல் காட்டுகிறது. ஆனால் வீடியோ காலில் குரல் விட்டுவிட்டுத்தான் கேட்கிறது. ஏன் சார்?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: ஸ்பீடு டெஸ்ட், ரோடு எவ்வளவு அகலம் என்று சொல்லும்; சிக்னலில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதைச் சொல்வது பிங் எண்தான். அதைப் பாருங்கள்.

லேப்டாப்பை லேன் கேபிளால் நேராக ரவுட்டரில் மாட்டிப் பேசுங்கள். குரல் தெளிந்தால் குற்றவாளி வைஃபை. கஸ்டமர் கேரில் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலும் இரும்பு பீரோ மேலும் வைத்துவிட்டு (ஷோகேஸில் பூட்டி வைப்பவர்களும் உண்டு!) சிக்னல் இல்லை என்றால் எப்படி? அடுக்குமாடி என்றால் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரே நெரிசல். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். வேகம் அதிகம், சுவர் தாண்டத்தான் சோம்பேறி.

கேபிளிலும் குரல் இழுக்கிறதா? வீட்டில் யாரோ அப்லோட் செய்துகொண்டிருக்கலாம். கல்யாண வீடியோ மொத்தத்தையும் ஒரு போன் சத்தமில்லாமல் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். அப்லோட் நிரம்பினால் பாக்கெட்டுகள் ரவுட்டரில் தேங்கி, 20 மில்லிசெகண்ட் பிங் பல நூறாகிவிடும். இதுதான் பஃபர்ப்ளோட். ரவுட்டரில் க்யூஓஎஸ் வசதி இருந்தால் அப்லோடுக்கு உச்சவரம்பு கட்டுங்கள். இல்லாவிட்டால் நள்ளிரவில் ஏற்றச் சொல்லுங்கள். போன் மைத்துனருடையது என்றால், மனைவி மூலமாகச் சொல்வது உத்தமம்.