மூணரைக் கட்டை மாமா

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வரவேற்பு. பெண்ணுக்கு மாமா முறையாகும் ஒருவர் மைக்கை வாங்கி, இரண்டு தட்டுத் தட்டி, "தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கு, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார். இந்த முன்னுரை இல்லாமல் தமிழ்நாட்டில் யாரும் மேடையில் பாடியதில்லை என்பதால் இதை எழுதுபவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டையும் எப்படியோ தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. மாமா இறங்கி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி காரணம் சொன்னார்: "ட்ராக் ரெண்டு கட்டையில இருக்கு சார். நமக்கு மூணரைக் கட்டை. அதான் ஒட்டலை."

மூணரைக் கட்டை!

சுருதி விலகாமல் பாட ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன்னால் இந்தக் கட்டைக் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இதை எழுதுபவருக்கு ராத்திரி தூக்கம் வராது.

ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்கு வெள்ளைக் கட்டை ஏழு, கறுப்புக் கட்டை ஐந்து. முதல் வெள்ளையில் ஸட்ஜத்தை வைத்தால் ஒரு கட்டை. அடுத்த கறுப்பு ஒன்றரை. பிறகு இரண்டு, இரண்டரை, மூன்று. மூன்றை விட்டால் நேரே நான்குதான். நடுவில் கறுப்பு கிடையாது. அப்புறம் நாலரை, ஐந்து, ஐந்தரை, ஆறு, ஆறரை, ஏழு. ஏழுக்குப் பிறகும் அரை கிடையாது. ஏழரை என்பது சனீஸ்வர பகவானுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. மூணரையோ யாருக்குமே ஒதுக்கப்படவில்லை. மாமா தான் குடியிருப்பதாகச் சொல்கிற கதவு எண் அந்தத் தெருவிலேயே இல்லை.

தம்புராவின் பிரடையைத் திருகி மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நிறுத்தலாமே, அது மூணரை ஆகாதா என்று விஷயம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரக்கூடும். வரட்டும். மாமாவிடம் தம்புரா இல்லை. அவரிடம் இருந்தது செல்போன்.

அதோடு விடுகிறார்களா? என்ன சம்பளம் என்று கேட்டால் குறைத்துச் சொல்கிறவர்கூட, என்ன கட்டை என்று கேட்டால் அரைக் கட்டை கூட்டித்தான் சொல்கிறார். கச்சேரி மேடையில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு, பெண்கள் ஐந்திலிருந்து ஆறு என்று அமைதியாகக் காலம் தள்ளுகிறார்கள். கல்யாண மண்டபத்தில் மட்டும் மூன்றுக்குக் குறைந்து ஆண்பிள்ளையே இல்லை. இந்த வீம்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1920களின் நாடக மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர் காதிலும் பாட்டு விழுந்தாக வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் உச்சத்தில் சஞ்சரித்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு மைக் வந்தது, கட்டை இறங்கியது. எம்.டி. ராமநாதன் ஒரு கட்டைக்கும் கீழே இறங்கி, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து பெரிய வித்வான் ஆனார். கல்யாண நாகஸ்வரமே இறங்கி வந்துவிட்டது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை குட்டையான திமிரியை விட்டுவிட்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்த நீளமான பாரி நாகஸ்வரத்தைக் கையில் எடுத்தார். உலகமே அந்தப் பக்கம் போனது. இறங்காதவர்கள் வரவேற்பு மாமாக்கள் மட்டும்தான்.

இன்னும் முடியவில்லை. இந்தக் கட்டைகளைக் கொடுத்த ஆர்மோனியத்தையே 1940இல் ஆல் இந்தியா ரேடியோ வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. கமகம் பேசாது, நம் ஸ்வர ஸ்தானங்களுக்கு ஒத்துவராது என்று காரணம் சொல்லி, சுமார் 30 ஆண்டுகள் உள்ளே விடவில்லை. பெட்டி வெளியே போனது, கட்டை மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. நடு ஸ்தாயியின் ஆறாம் கட்டை நொடிக்கு 440 அதிர்வு என்று 1939இல் லண்டனில் பல நாட்டார் கூடிப் பேசி ஒப்புக்கொண்டார்கள். அந்த வருஷம் ஐரோப்பியர்கள் ஒப்புக்கொண்ட விஷயம் இது ஒன்றுதான் போலிருக்கிறது. நம் சங்கீதத்துக்கு அந்தக் கட்டாயமும் கிடையாது. எந்த இடத்தில் வேண்டுமானாலும் ஸட்ஜத்தை வைத்துக்கொள்ளலாம். வைத்த இடத்தில் நின்றால் போதும். இவ்வளவு சுதந்திரம் கொடுத்தும் நிற்கமாட்டேன் என்றால் என்னதான் செய்வது?

சரி, வழிக்கு வருவோம். அதற்கு முன் கரோக்கியைப் பற்றி இரண்டு வார்த்தை.

1971இல் ஜப்பானின் கோபே நகரத்தில் டைசுகே இனோவே என்பவர் கரோக்கிப் பெட்டியை உண்டாக்கினார். காப்புரிமைகூட வாங்கவில்லை. 2004இல் அவருக்கு இக் நோபல் என்ற கேலிப் பரிசு கிடைத்தது. அதுவும் அமைதிக்கான பரிசு. மனிதர்கள் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்ளப் புதிய வழி காட்டினாராம். பாடுகிறவர் பக்கத்துக்குப் பரிசு கொடுத்தாகிவிட்டது. பொறுத்துக்கொள்கிற பக்கத்துக்கு இன்றுவரை ஒன்றும் வரவில்லை.

கரோக்கி ட்ராக் அசல் பாட்டின் கட்டையிலேயே இருக்கும். எஸ்.பி.பி. எந்தக் கட்டையில் பாடினாரோ அதே கட்டையில்தான் ஆடிட்டரும் பாடுகிறார், சம்பந்தியும் பாடுகிறார். பல்லவி எப்படியோ ஓடிவிடும். சரணத்தில் பாட்டு மேல் ஸ்தாயிக்கு ஏறும்போதுதான் விபரீதம். பாதி வரி வரைக்கும் மாமாவும் கூடவே ஏறினார். கழுத்து நரம்பு புடைத்தது, புருவம் ஏறியது, குதிகால்கூட ஏறியது. குரல் மட்டும் அங்கே போகவில்லை. உடனே மீதிப் பாதி வரியைக் கீழ் ஸ்தாயியில் தொடர்ந்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலச் சபையைப் பார்த்துச் சிரித்தார். கண் முழுக்கச் செல்போனில் ஓடும் வரிகளின் மேல் இருந்தது. காது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதே மண்டபத்தில் அன்று காலை முகூர்த்தத்தின்போது ஒரு நாகஸ்வர வித்வான் பிசிறில்லாத சுருதியில் தோடி வாசித்தார். அப்போது எல்லோரும் டிபன் பந்தியில் இருந்தார்கள்.

இத்தனைக்கும் மாமாவின் காதில் கோளாறு ஒன்றும் கிடையாது. டிவியில் பத்து வயதுக் குழந்தை போட்டிக்குப் பாடும்போது, சோபாவில் சாய்ந்து மிக்சர் கொறித்துக்கொண்டே "பிட்ச்சிங் போச்சு" என்று முதலில் சொல்கிறவர் அவர்தான். நாம் எல்லோரும்தான். கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் விகடனில் சங்கீத விமர்சனம் எழுதிய காலத்தில் விமர்சகருக்கு ஒரு புனைபெயராவது தேவைப்பட்டது. இப்போது ரிமோட் இருந்தால் போதும். ஸ்வர வித்தியாசமே காதில் விழாத பிறவிக் குறைக்கு அமியூசியா என்று பெயர். அது நூற்றில் ஒரு சிலருக்குத்தான் இருக்கிறது. மற்ற அத்தனை பேருக்கும் அபஸ்வரம் நன்றாகவே கேட்கிறது, பாடுகிறவர் அடுத்தவராக இருக்கும் வரை.

தன் குரல் என்றால் கணக்கு மாறிவிடுகிறது. அதில் ஒரு பங்கு காற்று வழியாகவும் ஒரு பங்கு மண்டை எலும்பு வழியாகவும் காதுக்கு வருவதால், நமக்கு நம் குரல் கனமாக, கம்பீரமாகக் கேட்கும். பதிவு செய்து போட்டுக் கேட்டால் அந்தக் கம்பீரத்தைக் காணோம். உடனே "இந்த போன் மைக் சரியில்லை" என்று தீர்ப்பு. அதற்கு மேல் சத்தம் வேறு. சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறான் என்று எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே எழுதிவிட்டார். ஒரு பக்கம் செண்டை மேளம், ஒரு பக்கம் ஆளுயர ஸ்பீக்கர், நடுவில் மாமா. தன் குரலே தன் காதில் விழாதவர் வேறு என்ன செய்வார்? கத்துவார். கத்துகிற குரல் சுருதியில் நிற்பது கஷ்டம்.

ஆனால் வைத்தியம் எல்லாம் தொண்டைக்குத்தான். பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம், சித்தரத்தை, வெந்நீர். சுருதி சேர்வது காதின் வேலை என்று யாராவது காதுக்கு ஒரு கஷாயம் போட்டதுண்டா?

தம்புரா அந்தக் கஷாயமாக இருந்தது. பஞ்சமம், இரண்டு சாரணை, மந்தர ஸட்ஜம் என்று நாலே தந்திகள். குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு பருத்தி நூல், அதற்கு ஜீவா என்று பெயர். அதை மயிரிழை அளவு இப்படியும் அப்படியும் நகர்த்தினால், ஓர் இடத்தில் தந்தி திடீரென்று ரீங்கரிக்கத் தொடங்கும். சரியாகச் சேர்ந்துவிட்டால் யாரும் மீட்டாத காந்தாரம் தானாக எழும். அதைக் கேட்கப் பொறுமை வேண்டும். பேச்சை நிறுத்த வேண்டும். 1970களின் கடைசியில் பெங்களூரிலிருந்து எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வந்தது, இப்போது செயலியாகச் செல்போனுக்குள் போய்விட்டது. அதுவும் நல்ல சுருதிதான். ஆனால் நடுவில் போன் வந்தால் நின்றுவிடும்.

நிலத்துக்குள் ஒலியலை அனுப்பி எண்ணெய் தேடும் கணக்கில் கைதேர்ந்த ஆண்டி ஹில்டெபிராண்ட் என்ற அமெரிக்கர் 1997இல் ஆட்டோ-ட்யூன் மென்பொருளைக் கொண்டுவந்தார். விலகிய குரலைப் பிடித்துப் பக்கத்து ஸ்வரத்தில் உட்கார வைத்துவிடும். பக்கத்து ஸ்வரம் எதுவோ அதில். மாமா முக்கால் ஸ்வரம் தள்ளி நின்றால் அதுவும் தப்பான ஸ்வரத்தில்தான் கொண்டுபோய் வைக்கும், அதுவும் மிகத் துல்லியமாக.

இதை எழுதுபவருக்கு இவ்வளவு பேச என்ன யோக்யதை என்று கேட்கலாம். பள்ளிக்கூடக் கடவுள் வாழ்த்துக் கோஷ்டியில் "நீ வாயை மட்டும் அசை" என்று டீச்சரால் நியமிக்கப்பட்டவர் அவர். சுருதி கெடாமல் இருந்ததில் அந்தக் கோஷ்டியின் மற்ற எல்லோரையும்விட அவருக்கே பெரிய பங்கு உண்டு.

அந்தச் சுலப வழியைச் சொல்லப் பக்கம் போதவில்லை. அவசரமாக வேறொன்று இருக்கிறது. 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, இசைத்தட்டைப் போடாமல் வாயால் பாட வேண்டும் என்றது. மோகன ராகம், திஸ்ர நடை, 55 விநாடி என்று எல்லாவற்றையும் வகுத்துக் கொடுத்தது. கட்டையை மட்டும் எடுத்துக் கொடுப்பவரிடமே விட்டுவிட்டது. அவர் உற்சாகத்தில் உச்சத்தில் எடுத்துவிடுகிறார். பாட்டு மேலே ஏறும் இடத்தில் முன்வரிசை கிறீச்சிடுகிறது, பின்வரிசை மௌனமாகிவிடுகிறது. பள்ளி ஆண்டு விழாக்களில் எடுத்துக் கொடுக்கும் ஆசிரியப் பெருமக்களே, தயவுசெய்து இரண்டு கட்டை குறைத்து எடுங்கள்.