மத்தியான போட் தம்பி

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஏசியோ வாஷிங் மெஷினோ வாங்கிய எல்லோருக்கும் இவரைத் தெரியும். தோளில் கறுப்புப் பை, காதில் போன், கண் கைக்கடிகாரத்தில். கம்பெனி அட்டையில் 'சர்வீஸ் இன்ஜினியர்' என்று இருக்கும். நாங்கள் வைத்த பெயர் மத்தியான போட் தம்பி. காலை போட்டில் போர்ட் பிளேரிலிருந்து வருவார், மத்தியான போட்டில் போயே தீருவார். இடையில் அவர் முகம் உங்களுக்குக் கிடைப்பது பூர்வ ஜென்ம புண்ணியம்.

என் புது வாஷிங் மெஷினை மாட்ட அவரை வரவழைக்கக் கஸ்டமர் கேரில் பேச வேண்டும். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் 'சுவராஜ் தீவு' ஆனது. 2024-ல் போர்ட் பிளேர் 'ஸ்ரீ விஜயபுரம்' ஆனது. கஸ்டமர் கேர் கம்ப்யூட்டருக்குப் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டில் ஒன்று தெரிந்தால் மற்றது தெரியாது.

"எந்தத் தெரு சார்?"

"தெரு இல்லம்மா, தீவு."

"ஓகே சார், 48 மணி நேரத்துல ஆள் வருவாங்க."

அன்று புயல் எச்சரிக்கை. போட்டே ஓடவில்லை.

பதினோராம் நாள் தம்பி வந்தார். காலையிலேயே தீவில் இறங்கிவிட்டார்தான். ஆனால் ஐந்தாம் நம்பர் பீச்சில் ஒரு ரிசார்ட்டில் ஏழு ஏசி. அங்கே மீன் சாப்பாடு, என் வீட்டில் வெறும் டீ. நானாக இருந்தாலும் அங்கேதான் முதலில் போயிருப்பேன். என் வராந்தாவை மிதிக்கும்போது மணி பன்னிரண்டேகால்.

குழாயைப் பார்த்தார். "இது அரை இன்ச் சார். மெஷின் ஹோஸ் முக்கால் இன்ச். அடாப்டர் வேணும்."

"உங்ககிட்ட இல்லையா?"

"இருக்கு சார். பிளேர்ல இருக்கு."

ஸ்டாண்டு? அதுவும் பிளேரில். பிளேரில் கேட்டால் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும் என்பார்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்டு இந்தத் தீவுக்கும் இணைப்புக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே என் புகார் கண்மூடித் திறப்பதற்குள் சென்னை போய்விடுகிறது. ரப்பர் வாஷர் மட்டும் இன்னமும் மூன்று நாள் கப்பலில் ஆடி ஆடித்தான் வருகிறது.

பையை மாட்டிக்கொண்டே தம்பி கேட்டார்: "சார், ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

"வேலையே முடியலையே தம்பி?"

"வேலை முடியலை சார், கம்ப்ளெய்ன்ட் முடிஞ்சுது."

இவ்வளவு பச்சையாக உண்மை பேசும் ஆளிடம் எப்படிக் கோபப்படுவது? நம்பரைச் சொன்னேன். ஆட்டோவில் தொற்றிக்கொண்டு ஜெட்டிப் பக்கம் பறந்துவிட்டார்.

மறுநாள் எனக்கு வீரம் வந்தது. மூணாம் நம்பர் பஜார் ஹார்டுவேர் கடையில் ஓர் அடாப்டர் தேடிப்பிடித்து, நானே மாட்டி, நாலு லுங்கியைப் போட்டு சுவிட்சைத் தட்டினேன். தண்ணீர் ஏறியது, துணி புரண்டது, எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பிழியத் தொடங்கியதும் மெஷின் ஒரு குலுங்கு குலுங்கி, மூலையை விட்டு நடக்க ஆரம்பித்தது. வராந்தாவைக் கடந்து, ஹோஸ் இழுத்துப் பிடிக்கும் மட்டும் வாசலை நோக்கி வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற வங்காளிப் பக்கத்து வீட்டுக்காரர் அமைதியாகக் கேட்டார்: "என்ன தாதா, இதுவும் மத்தியான போட்டுக்கா?"

தம்பிக்குப் போன் போட்டேன்.

"பின்னாடி நாலு போல்ட் இருக்குமே சார், கழட்டினீங்களா? வழியில டிரம் ஆடாம இருக்க கம்பெனி போட்டு அனுப்புறது."

"நீங்க சொல்லவே இல்லையே!"

"சொல்ல வந்தேன் சார். அதுக்குள்ள போட் ஹாரன் அடிச்சிடுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்களே ஓட்டினதை யார்கிட்டயும் சொல்லாதீங்க, வாரண்டி போயிடும். நானும் எழுதலை."

ஸ்கூட்டர் ஸ்பேனரை வைத்து மூன்று போல்ட்டைக் கழற்றிவிட்டேன். நாலாவது உள்ளே தள்ளி இருக்கிறது, எட்டவில்லை. அடுத்த வாரம் வருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார். இதைப் படிப்பவர்களில் யாராவது அதற்கு முன் பிளேரிலிருந்து இந்தப் பக்கம் வருவதாக இருந்தால், பத்தாம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர் ஒன்று கொண்டுவாருங்கள். மீன் சாப்பாடே போடுகிறேன்.