மோகினிக்கு விறகு மிச்சம்

எண்பதுகளின் தொடக்கத்தில் புதுச்சத்திரம் பக்கம் பேய்க்கு இரண்டு முகவரி. ஒன்று ரோட்டோரப் புளியமரம். இன்னொன்று டூரிங் கொட்டகை. புளியமரத்துப் பேயைப் பார்த்த சித்தப்பா எல்லோருக்கும் உண்டு; சித்தப்பாவைக் கேட்டால் அவர் இன்னொரு சித்தப்பாவைக் கை காட்டுவார். கொட்டகைப் பேய் அப்படியில்லை. தரை டிக்கெட் எடுத்தால் கண்ணாலேயே பார்க்கலாம். முன்னால் உட்கார்ந்திருக்கும் உருமாலைக்காரர் தலையை நகர்த்தினால் முழுசாகவே பார்க்கலாம்.

அங்கேதான் அம்மாயியின் மடியில் உட்கார்ந்து ‘ஜெகன்மோகினி’ பார்த்தேன். தெலுங்கில் பி. விட்டலாச்சார்யா 1978-இல் எடுத்த படம். தமிழ் பேசிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி எங்களிடம் வந்து சேரும்போது பிரிண்ட்டில் ஐப்பசி அடைமழை பெய்துகொண்டிருந்தது. அரண்மனைக்குள்ளும் மழை, பட்டப்பகலிலும் மழை. ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற நாலு தடவை விளக்குப் போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் முறுக்குக்காரர் உள்ளே வருவார். பேய் கையை நீட்டும்போது ரீல் தீர்ந்து, ஆபரேட்டர் அடுத்த ரீலை மாட்டும்வரை அந்தக் கை எங்கள் மனசில் நீண்டுகொண்டே இருக்கும். அந்தத் திகிலுக்கு விட்டலாச்சார்யா ஒரு பைசா செலவு செய்யவில்லை.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. பெண் உருவில் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட பேய் ஜெயமாலினி சமைக்க உட்காருகிறார். விறகு இல்லை. கவலையே படாமல் தன் இரண்டு கால்களையும் நீட்டி அடுப்புக்குள் வைக்கிறார். கால் விறகாக எரிகிறது.

மணல்மேட்டிலிருந்த பொடிசுகள் எல்லாம் வீறிட்டோம். ஆம்பளைகள் பீடியை இழுக்க மறந்தார்கள். பொம்பளைகள் பக்கம் மட்டும் வேறு சத்தம். காட்டில் வேலி முள் வெட்டிச் சுமந்து, ஈர விறகை ஊதி ஊதிக் கண் எரிந்தவர்கள் அவர்கள். ஒரு பெருமூச்சோடு அம்மாயி சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: “விறகு மிச்சமுங்க!” பக்கத்திலிருந்த ஆத்தா ஒத்துக்கொண்டார்: “ஏனுங்க, பேயா இருந்தாலும் வேலை தெரிஞ்ச பேயுங்க. எம்மருமகளும் இருக்கறாளே!”

தமிழ்த் திரையில் பேயின் சரித்திரத்தைச் சொல்வதற்கு இந்த அடுப்பங்கரைதான் சரியான இடம். கொஞ்சம் பின்னால் போய்விட்டு இங்கேயே திரும்பி வருவோம்.

பேயை முதலில் மதித்தது தணிக்கைக்காரர்கள்தான். நம்ம கொங்குச் சீமையில் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த ‘மர்மயோகி’ 1951-இல் வந்தது. கே. ராம்நாத் இயக்கம், எம்.ஜி.ஆர். கதாநாயகன், செத்துப்போன ராஜாவின் ஆவியாகச் செருகளத்தூர் சாமா. ஆவி வருகிறதே என்று தமிழ்ப் படத்துக்கு முதன்முதலாக ‘ஏ’ முத்திரை குத்தினார்கள். கடைசியில் பார்த்தால் ராஜா சாகவே இல்லை! ஆக, பெரியவர்களுக்கு மட்டும் என்ற முதல் மரியாதையைத் தமிழ்நாட்டில் வாங்கிய பேய், பேயே அல்ல. நிஜப் பேய்கள் இதை எதிர்த்து மேல்முறையீடு செய்ததாகத் தகவல் இல்லை.

அடுத்த பதினைந்து வருடமும் இதே கதைதான். காலம் பகுத்தறிவுக் காலம். மேடையில் பேய் பிசாசு இல்லை என்று முழங்கும் ஊரில், திரையில் மட்டும் இருந்துவிட முடியுமா? கடைசி ரீலில் பேய் ஆளாக மாறியாக வேண்டும். 1964-இல் இந்தியில் வந்த ‘வோ கௌன் தீ’யைத் தமிழில் 1966-இல் ‘யார் நீ’ என்று எடுத்தார்கள். தயாரித்தவர் பி.எஸ். வீரப்பா, அவர் சிரிப்புக்கே பேய் பயந்துவிடும் என்பது வேறு விஷயம். வெள்ளைச் சேலை, மழை, இருட்டு, நடுவில் ஜெயலலிதா. கடைசியில் எல்லாம் சொத்துக்காகச் செய்த சதி. படத்தில் அந்த வெள்ளைச் சேலையைப் பார்த்து ஜெய்சங்கர் ஒருவர்தான் பயந்தார். 1991-க்குப் பிறகு ஓர் அமைச்சரவையே பயந்தது. ரீமேக் என்றால் அதுதான் ரீமேக்.

நடுவில் 1963-இல் ஸ்ரீதர் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ எடுத்தார். அது பேய்ப் படம் அல்ல, முன்ஜென்மப் படம். ஆனால் அதில் பேய்க்கே வேலை போகும்படி ஒருவர் வந்தார்: 109 வயதுக் கிழவராக எம்.என். நம்பியார். தோல் சுருங்கிக் கண் மட்டும் உயிரோடிருக்கும் அந்த முகத்தை வின்சென்ட்டின் கேமரா கறுப்பு வெள்ளையில் பிடித்தது. 2021-இல் அதே பெயரில் செல்வராகவன் எடுத்தது கலரில் வந்த நிஜப் பேய்ப் படம். பழையதிடமிருந்து வாங்கிக்கொண்டது தலைப்பை மட்டும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதுபோல. முகஜாடை தேடக்கூடாது.

1978-இல்தான் பேய்களுக்குச் சுதந்திரம் கிடைத்தது. அந்த ஒரே வருடத்தில் ‘ஜெகன்மோகினி’யும் வந்தது, துரை இயக்கிய ‘ஆயிரம் ஜென்மங்க’ளும் வந்தது. இரண்டிலும் பேய் நிஜப் பேய். சதி இல்லை, சொத்து இல்லை, இரட்டைப் பிறவி இல்லை. இரண்டும் அசலும் அல்ல என்பதுதான் வேடிக்கை. முன்னதற்கு அதே பெயரில் 1951-இல் கன்னடத்தில் ஒரு மூத்தாள் உண்டு. பின்னதற்கு மலையாளத்தில் நடிகை ஷீலா இயக்கிய ‘யக்ஷகானம்’ தாய்வீடு. பழைய படம் என்று நாம் கையெடுத்துக் கும்பிடுவதே ஒரு ரீமேக்கைத்தான். 2014-இல் ‘அரண்மனை’ வந்தபோது, இது எங்கள் ‘ஆயிரம் ஜென்மங்கள்’ என்று பழைய தயாரிப்பாளர் நீதிமன்றத்துக்குப் போனார். பேய்க்குச் சொந்தக்காரர் யார் என்று கோர்ட்டில் கேட்கும் காலமும் வந்தது. புளியமரத்துப் பேயாக இருந்தால் பட்டா யார் பேரில் என்று பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

கோர்ட்டும் பேயும் மோதிக்கொள்வது நமக்கு மட்டும் நடந்ததல்ல. ஜெர்மனியில் 1922-இல் ‘நாஸ்ஃபெராட்டு’ வந்தது. டிராகுலா கதையைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள் என்று எழுத்தாளர் பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். பிரிண்ட்டுகளை அழித்துவிடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. வெயிலுக்குச் சாகிற அந்தப் பேய் தீர்ப்புக்குச் சாகவில்லை. எங்கெங்கோ தப்பிய பிரிண்ட்டுகளிலிருந்து எழுந்து வந்து 1979-இலும் 2024-இலும் மறுபடி படமானது. இதற்கு நேர்மாறு ‘சைக்கோ’. 1960-இல் ஹிட்ச்காக் சாக்லேட் கூழை ரத்தம் என்று காட்டி உலகத்தையே குளியலறைக்குள் போகப் பயப்பட வைத்தார். 1998-இல் கஸ் வான் சான்ட் அதையே காட்சிக்குக் காட்சி அப்படியே கலரில் எடுத்தார். எல்லாம் இருந்தது, பயத்தை மட்டும் காணோம். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து அவன் பெயர் உட்பட எழுதி வைத்தவன் கதி.

நம்மூருக்கு வருவோம். 2005 சித்திரை முதல் நாள் ‘சந்திரமுகி’ வந்தது. 1993-இல் ஃபாசில் எடுத்த ‘மணிச்சித்ரதாழ்’ கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ ஆகி, தமிழில் ‘சந்திரமுகி’ ஆகி, 2007-இல் இந்தியில் ‘பூல் புலையா’ ஆனது. இந்தக் குடும்பத்தில் ஒரு நுட்பம் உண்டு. மலையாளத்தில் பயமுறுத்திய நாட்டியக்காரி தஞ்சாவூர்த் தமிழச்சி. தமிழ்நாட்டுக்கு வந்தால் தமிழச்சி நம்மைப் பயமுறுத்த முடியாதே, நம் வீட்டுப் பெண் ஆயிற்றே! அதனால் இங்கே தெலுங்குக்காரி. இந்தியில் வங்காளி. பேய் என்றால் எப்போதும் வேறு மாநிலம். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது சினிமா எடுப்பதற்கு முன்பே தெரியும்: உள்ளூர் முனி காவல் தெய்வம், அடுத்த ஊர் முனி காத்துக் கருப்பு.

‘சந்திரமுகி’யில் பேய் மறுபடி இல்லாமல் போனதும் கவனிக்க வேண்டியது. அது மனநோய் என்கிறார் அமெரிக்காவிலிருந்து வந்த டாக்டர். ஆனால் குணமாக்குவதற்கு மாத்திரை போதவில்லை. பூஜை, மந்திரவாதி, எரிகிற பொம்மை எல்லாம் வேண்டியிருக்கிறது. பகுத்தறிவுக்கு ஒரு டிக்கெட், கோடாங்கிக்கு ஒரு டிக்கெட் என்று இரண்டு பேரிடமும் வசூலித்த படம். சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ஓடியதில் ஆச்சரியம் என்ன?

பிறகு ராகவா லாரன்ஸ் வந்தார். 2007-இல் ‘முனி’, 2011-இல் ‘காஞ்சனா’. அதோடு பேயின் உத்தியோகமே மாறிவிட்டது. இப்போது பேய் பயமுறுத்த வருவதில்லை, மனுக் கொடுக்க வருகிறது. திங்கட்கிழமை காலையில் நாமக்கல் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளுக்கு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே முகம்தான். நில அபகரிப்பு, கொலை, உரிய நடவடிக்கை எடுக்கப் பணிவுடன் வேண்டுகிறேன், இணைப்பு: பிளாஷ்பேக் ஒன்று. இடைவேளைவரை காமெடி, அப்புறம் மனு விசாரணை, கடைசியில் உத்தரவு. இவ்வளவு நியாயம் உள்ள பேயைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்? பரிதாபம்தான் வரும். பழைய மோகினி காரணம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. காலை அடுப்பில் வைத்தாள், சமையலை முடித்தாள்.

அந்த மோகினியும் தப்பவில்லை. 2009-இல் ‘ஜகன்மோகினி’ மறுபடி வந்தது. நமீதா, இளையராஜா இசை, கம்ப்யூட்டர் கிராபிக்ஸ். விட்டலாச்சார்யாவிடம் கம்ப்யூட்டர் ஏது? கேமராவை நிறுத்து, ஆளை நகர்த்து, மறுபடி ஓட்டு, ஆள் மாயம். கால்ஷீட்டில் தகராறு செய்யும் நடிகரை மந்திரவாதி சாபத்தில் ஆடாகவோ கிளியாகவோ மாற்றிவிட்டு, மீதிப் படத்தை ஆட்டை வைத்தே முடித்துவிடுவார் என்று சினிமாக்காரர்கள் அவரைப் பற்றிக் கதை சொல்வார்கள். ஆடு சம்பளம் கூட்டிக் கேட்காது.

புதுப் படத்தை டவுன் தியேட்டரில் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. சீட்டு மெத்தென்று இருந்தது, ஏ.சி. குளிர்ந்தது, நாலு பக்கமும் சத்தம் வந்தது. வெளியே வந்து வண்டியை எடுத்தேன். இருபது நிமிடத்தில் வீடு. அப்போதுதான் எது குறைந்தது என்று உறைத்தது. படம் முடிந்ததும் படம் முடிந்துவிட்டது.

அன்றைக்கு அப்படியில்லை. இரண்டாம் ஆட்டம் விட்டால் காட்டுவழி இரண்டு மைல். ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு. அம்மாயி கையில் வேப்பங்கொத்து, இன்னொரு கையில் நான், பின்னால் பத்துப் பதினைந்து பேர். புளியமரம் நெருங்க நெருங்க எல்லோரும் வெகு சத்தமாக மரவள்ளிக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசுவார்கள். மரத்தைத் தாண்டும் வரை கிழங்கு விலை ஏறிக்கொண்டே போகும், தாண்டியதும் இறங்கிவிடும். கொட்டகையில் பார்த்தது டிரெய்லர். மெயின் படம் அந்த ரெண்டு மைல்தான். விடிந்து எழுந்ததும் நான் முதலில் அடுப்பங்கரைக்குப் போய், அம்மாயியின் கால் வெளியே இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். இருந்தது. ஒரு வாரம் தினமும் பார்த்தேன்.

அந்த வழிக்கும் ரீமேக் வந்துவிட்டது. ரோடு நால்வழி ஆனபோது புளியமரங்கள் போயின. உயிரோடு இருப்பவர்களின் நிலத்துக்கு இழப்பீடு கொடுத்தார்கள், மரத்தில் இருந்தவர்களை யாரும் விசாரிக்கவில்லை. ரோட்டின் நம்பர்கூட மாறிவிட்டது. முன்பு 7, காசியிலிருந்து கன்னியாகுமரிக்கு. மோட்சம் வேண்டிய பேய் ரோடு மாறாமலே காசிக்குப் போய்விடலாம். இப்போது 44, ஏறினால் ஸ்ரீநகரில்தான் போய் நிற்கும். நம்மூர்ப் பேய்க்கு அந்தக் குளிர் ஆகாது. ராத்திரி முழுக்க முட்டை லாரியும் ஆம்னி பஸ்ஸும் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு போகிற இடத்தில், வெள்ளைச் சேலையோடு ஒருத்தி நின்றால் லிஃப்ட் கேட்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

போன மாதம் செல்போனில் பழைய ‘ஜெகன்மோகினி’யைத் தேடி எடுத்து, பத்து வயது மகனை இழுத்து உட்கார வைத்தேன். அந்தக் காட்சி வந்தது. நாற்பது வருடம் கழித்தும் என் காலை நான் உள்ளே இழுத்துக்கொண்டேன். அவன் அசையவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்:

“ஏம்ப்பா, அவங்க வீட்ல கேஸ் தீந்துபோச்சா?”

சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். திரையில் ஜெயமாலினியின் கால்கள் நிதானமாக எரிந்துகொண்டிருந்தன. பயந்துவிடுவாளோ என்று நினைத்தேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள்.

“சிலிண்டர் விக்கிற வெலைக்கு, அதும் நல்ல ரோசனைதானுங்க.”