ரத்தம்னா ரத்தம் இல்லலே

ஏலே பேராண்டி, இங்கிலாந்து விசா வந்துட்டு. கம்பளிச் சட்டை எடுத்தாச்சு. உங்க ஆச்சி பருப்புப்பொடியும் நார்த்தங்கா ஊறுகாயும் கட்டி மூட்டை ரெண்டு ஆச்சு. இங்கிலீஷ் மட்டுந்தான் பாக்கின்னு ராத்திரி பூரா செல்போன்ல எவனோ பேசுததைக் கேட்டுக் கேட்டு நீயும் முணுமுணுத்துக்கிட்டு கெடக்கே. இலக்கணமெல்லாம் உனக்கு வந்துரும். நான் சொல்ல வந்தது வேற. அந்த ஊர்க்காரன் வாயில 'பிளட்'டுன்னு ஒண்ணு எப்பவும் புரண்டுக்கிட்டே இருக்கும். ரத்தம். அதுல கொஞ்சம் உஷாரா இரு. எட்டாங்கிளாஸோட நின்ன கெழவனுக்கு என்ன தெரியும்னு சிரிக்காதே. நம்மூர் நூலகத்துல ஃபேனுக்குக் கீழ உக்காந்து படிக்கதுக்கு எவனும் சர்டிபிகேட் கேக்கல.

மொதல்ல ஒரு கணக்கைப் புரிஞ்சிக்கோ. வெள்ளைக்காரன் ரத்தம்னு சொல்லுத எடத்துல பெரும்பாலும் ரத்தம் இருக்காது. நெசமாவே ரத்தம் இருக்க எடத்துல அவன் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டான்.

காலைச் சாப்பாட்டுலயே பாரேன். முட்டை, பன்னிக்கறி, தக்காளி, அவிச்ச பீன்ஸு எல்லாம் வச்ச தட்டுல ஓரமா கறுப்பா வட்ட வட்டமா ரெண்டு துண்டு இருக்கும். 'பிளாக் புட்டிங்'னு பேரு. லங்காஷயர் பக்கம் பரின்னு ஒரு ஊரு, அதுக்கே பேர் போனது. பேரைக் கேட்டா பாயசம் வகையோன்னு நீ ஸ்பூனை எடுத்துருவே. அது என்னன்னா, பன்னி ரத்தத்துல கொழுப்பும் ஓட்ஸோ பார்லியோ போட்டுக் கலந்து, குடல்ல அடைச்சு அவிச்சது. நம்ம ஆளு ஞாயித்துக்கெழமை கறிக்கடையில நின்னு, "ரத்தம் இருக்காவே?"ன்னு நாலு பேரு கேக்கக் கேப்பான். வாங்கிட்டு வந்து சின்ன வெங்காயமும் வத்தலும் தாளிச்சு, தேங்காப்பூ தூவி எறக்கினா அதுக்குப் பேரு ரத்தப் பொரியல். ஒளிவு மறைவு கெடையாது. அதை வச்ச அன்னைக்கெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடுதவன் நீ. அங்க போயி ஃபோட்டோ புடிச்சுப் போட்டு, சப்புக்கொட்டித் திங்கத்தான் போறே, பாத்துக்கோ.

அதே ஊர்ல 'பிளடி மேரி'ன்னு ஒரு சரக்கு உண்டு. தக்காளிச் சாறும் வோட்காவும். உள்ள ஒரு சொட்டு ரத்தம் கெடையாது. அந்தப் பட்டம் ஒரு மகராசிக்கும் உண்டு. 1553-ல பட்டத்துக்கு வந்து அஞ்சு வருசம் ஆண்டவ, முதலாம் மேரி. தன் மதத்துக்கு வராத 280 பேரு கிட்ட உயிரோட கொளுத்திப் போட்டா. கொளுத்துனவளுக்குச் சாம்பல்ராணின்னு பேரு வைக்காம ரத்த மேரின்னு வச்சிருக்கான். அதுலயும் கணக்கு ஒதைக்கி.

இந்த 'ப்ளடி' சங்கதி ஒண்ணு உனக்கு நல்லாத் தெரியணும். நம்மூர்ல பட்டாளத்துல இருந்து ரிட்டையர் ஆகி வந்தவங்க 'ப்ளடி ஃபூல்'னு சொல்லாம மாட்டைக் கூட அதட்ட மாட்டாங்க. மாடும் நம்மளைப் பட்டாளத்துல சேத்துட்டாங்கன்னு நிமிந்து நடக்கும். ஆனா லண்டன்ல இந்த ஒரு சொல்லுக்கே ஒரு காலத்துல ஊரே ரெண்டு பட்டுது. பெர்னார்டு ஷான்னு ஒரு குறும்புக்காரர் 'பிக்மேலியன்'னு நாடகம் எழுதுனாரு. தெருவுல பூ விக்கிற புள்ளைய ஒரு வாத்தியாரு புடிச்சு, பெரிய எடத்துப் பேச்சைச் சொல்லிக் குடுத்து, சீமாட்டிக கூட்டத்துல கொண்டுபோய் விடுவாரு. அந்தப் புள்ள உச்சரிப்பு ஒண்ணும் பிசகாம, அழகாப் பேசி, கெளம்புத நேரத்துல ராகமா இந்த 'ப்ளடி'யைப் போட்டுட்டுப் போவும். 1914 ஏப்ரல்ல மேடையில மிசஸ் பேட்ரிக் கேம்பல்ங்கிற அம்மா அதைச் சொன்ன அன்னைக்குக் கொட்டகையில சிரிப்பு அடங்கவே நேரமாச்சாம். மறுநா பேப்பர்க்காரனுக்கெல்லாம் அதான் சோறு. அதையே பின்னால 'மை ஃபேர் லேடி'ன்னு படமா எடுத்தப்ப, அந்தச் சொல்லுல காரம் போயிட்டுன்னு வேற ஒண்ணை வச்சான். நீ என்னமோ உச்சரிப்பு உச்சரிப்புன்னு சாவுதியே, உச்சரிப்புல அந்தப் பூக்காரிக்கு ஒரு கொறையும் இல்ல, கேட்டியா.

ஆஸ்திரேலியாக்காரனுக்கு அது பேச்சோட பேச்சு. 2006-ல எங்க ஊரைச் சுத்திப் பாக்க வாங்கன்னு கூப்புட்ட அரசாங்க விளம்பரத்துலயே அதைப் போட்டுட்டான். அழைப்பு வச்சதே அப்படித்தான். இங்கிலாந்து டிவியில அதைப் போட முடியாதுன்னு கொஞ்ச நாளு நிறுத்தி வச்சாங்க. அந்தச் சொல்லை அங்க அனுப்பி வச்சதே இவங்கதான்.

அந்தப் பேருலயே ஒருத்தன் இருந்தான் தெரியுமாலே? தாமஸ் பிளட். அயர்லாந்துக்காரன். 1671 மே மாசம், லண்டன் கோட்டையில இருக்க ராஜா கிரீடத்தைத் திருடப் போனான். சும்மா போகல. பாதிரியார் அங்கி போட்டுக்கிட்டு, காவலுக்கு இருந்த எழுபது தாண்டுன கெழவரோட சிநேகம் புடிச்சு, உம்ம பொண்ணுக்கு எங்க வீட்டுல மாப்பிள்ளை இருக்குன்னு சம்பந்தம் பேசி, ஒரு நா விடியக்காலம் ஆளுகளோட வந்து கெழவர் மண்டையில மரச் சுத்தியால ஒரு போடு. அதே சுத்தியால கிரீடத்தை நசுக்கி அங்கிக்குள்ள சொருவிக்கிட்டான். கூட வந்தவன் தங்க உருண்டையைக் கால்சட்டைக்குள்ள போட்டுக்கிட்டான். அதோட எப்படி ஓடுததுன்னு கேக்காதே. புடிபட்டான். ராஜாகிட்ட மட்டுந்தான் வாயத் தொறப்பேன்னு அழிச்சாட்டியம் பண்ணுனான். இரண்டாம் சார்லஸ் ராஜா கூப்புட்டுப் பேசுனாரு. தூக்குல போடுவாருன்னு பாத்தா, மன்னிச்சு விட்டதும் இல்லாம, வருசம் 500 பவுன் வருமானம் வாரமாதிரி அயர்லாந்துல நெலமும் எழுதிக் குடுத்தாரு. என்னத்துக்குக் குடுத்தாருன்னு இன்னைக்கு வரை மண்டைய ஒடைச்சுக்கிட்டு இருக்கான் ஆராய்ச்சி பண்ணுதவன். 1680-ல பிளட் செத்தான். ஊரு நம்பல. பொதைச்ச கெழவனைத் தோண்டி எடுத்து, அவன்தானான்னு பாத்துத்தான் திரும்பப் பொதைச்சாங்க.

அந்தச் சார்லஸ் ராஜா காலத்துலதான் நெசமான ரத்தத்தையும் தொட்டுப் பாத்தான். 1667-ல ஆர்தர் கோகான்னு கொஞ்சம் மூளை கலங்குன ஆளுக்கு 20 ஷில்லிங் கூலி பேசி, ஆட்டு ரத்தத்தை ஏத்துனாங்க, ராயல் சொசைட்டிக்காரங்க. ஆடு சாதுவாச்சே, இவனும் சாதுவாயிருவான்னு நெனப்பு. ஆளு எப்படியோ தப்பிச்சிட்டான். 1685-ல ராஜாவே படுத்தப்ப வைத்தியம் தலைகீழ். உள்ள இருக்க ரத்தத்தைக் கை நரம்புல இருந்து வடிச்சாங்க. மொட்டை அடிச்சு, சூடு போட்டு, கண்டதையும் குடிக்கக் குடுத்து, மேல மேல வடிச்சாங்க. நாலஞ்சு நாள்ல ராஜா போயிட்டாரு. வடிச்சவனுக கூலியை வாங்கிட்டுத்தான் போயிருப்பானுக.

சரி, முக்கியமான எடத்துக்கு வாரேன். காதைக் கொண்டா. அங்க எவனாவது தனக்கு 'புளூ பிளட்'டுன்னான்னா, பெரிய வீட்டுப் புள்ளைன்னு அர்த்தம். நீல ரத்தம். இதை மொதல்ல கெளப்பினவன் ஸ்பெயின்காரன். காஸ்டில் பக்கத்துப் பிரபுக்க, எங்க வம்சத்துல அரபுக்காரன் கலப்பும் இல்ல, யூதன் கலப்பும் இல்ல, பாரு எங்க தோலு வெளுப்புக்கு நரம்பு நீலமாத் தெரியுதுன்னு கையை நீட்டிக் காட்டிக்கிட்டான். தோலு வழியாப் பாக்கதுனாலதான் நரம்பு நீலமாத் தெரியுது. குத்திப் பாத்தா அடர் சிவப்பு. உனக்கும் அதான், வண்ணார்பேட்டைச் சந்தையில மூட்டை தூக்குதவனுக்கும் அதான்.

அதுக்குப் பெறவு நடந்த கூத்தைக் கேளு. இங்கிலாந்து விக்டோரியா மகாராணிக்கு ஒம்போது புள்ளைங்க. லியோபோல்டுன்னு கடைசி மகனுக்கு ரத்தம் ஒழுங்கா உறையாது. ஹீமோஃபீலியா. பொண்ணுங்க சொமப்பாங்க, ஆம்பளப் புள்ளைங்க அனுபவிக்கும், அப்படி ஒரு நோவு. அவன் 1884-ல பிரான்ஸ்ல வழுக்கி விழுந்தான், மறுநாளே முடிஞ்சிட்டு. முப்பது வயசு. மகாராணி பொண்ணு வயித்துப் பேத்திங்களை ராஜகுமாரனாப் பாத்துப் பாத்துக் கட்டிக் குடுத்தாங்க. கூடவே இந்தச் சீரும் போச்சு. நீல ரத்தம்னு மொதல்ல தம்பட்டம் அடிச்ச அதே ஸ்பெயின் அரமனைக்கு 1906-ல ஒரு பேத்தி மருமவளாப் போனா. பொறந்த மக்கள்ல ரெண்டு ஆம்பளப் புள்ளைங்களுக்கு இந்த நோவு. வேற ஒருத்தன்னா மருந்து கட்டிக்கிட்டு எந்திரிச்சு வந்துருப்பான், அந்த மாதிரி கார் விபத்துல 1934-ல ஒருத்தன், 1938-ல ஒருத்தன் ரத்தம் நிக்காமப் போய்ச் சேந்தானுக.

ரஷ்யாவுக்குப் போனவ பெத்தது அலெக்ஸி. 1904-ல பொறந்த பட்டத்துப் புள்ள. அவனுக்கும் இருந்துச்சு. ஆனா நாட்டுல ஒரு குஞ்சுக்குத் தெரியாது. மூடி மறைச்சுட்டாங்க. என்ன நோவுன்னே வெளிய சொல்லாம, புள்ளையச் சொகமாக்குவான்னு ரஸ்புதின்னு ஒரு தாடிக்காரனை அரமனைக்குள்ள விட்டு, இந்த ஆளு எதுக்கு மகாராணி ரூமு வரைக்கும் வாரான்னு ஊரு கண்டபடி பேசவும் வச்சு, சிம்மாசனத்துக்கே அது உலையா முடிஞ்சுது. 2009-ல அந்தக் குடும்பத்து எலும்பை வச்சுச் சோதிச்சுத்தான் இன்ன வகை ஹீமோஃபீலியான்னே நிச்சயம் பண்ணுனான். பாத்தியாலே? பெருமை அடிக்கும்போது ரத்தம், ரத்தம்னான். ரத்தத்துல நெசமாவே ஒண்ணுன்னதும் வாயில பூட்டு.

அதனால நீயும் அங்க போயி, எங்க பூட்டனாரு ஜமீன் வம்சம்னு அளந்துறாதே. அவரு ஜமீன்ல இருந்தது வாஸ்தவந்தான். மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கிட்டு இருந்தாரு.

சொந்தபந்தத்துக்கும் அவனுக்கு ரத்தந்தான். தண்ணியை விட ரத்தம் கெட்டின்னு சொல்லுவான். நாம தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்னு சதையோட நிறுத்திக்கிட்டோம். 1859-ல சீனாக்காரன் பீரங்கியில அடிபட்டுக் கெடந்த இங்கிலீஷ்காரன் கப்பலுக்கு ஒதவி செய்யப் போனாரு டாட்னல்னு ஒரு அமெரிக்கக் கப்பல் தளபதி. அவங்க நாடு அந்தச் சண்டையில ரெண்டு பக்கமும் சேராம ஒதுங்கி நின்ன நேரம். கேட்டதுக்கு இந்த வசனத்தைத்தான் எடுத்து விட்டாரு. இதுல என்ன வேடிக்கைன்னா, சின்ன வயசுல அதே இங்கிலீஷ்காரனோட சண்டை போட்டவரு அவரு. அப்ப ரத்தம் தண்ணியா இருந்துருக்கும் போல.

அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமப் போனா 'பேட் பிளட்'டும்பான். அது உனக்குச் சொல்லித்தர வேண்டாம், உங்க அப்பனும் சித்தப்பனும் ஒரு வரப்புக்காக மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போற போக்கைப் பாத்து வளந்தவன்தானே. ஆபீஸ்ல ஆளு எடுக்கும்போது 'நியூ பிளட்'டும்பான். அன்னைக்கு இளிச்சுக்கிட்டு நிக்காதே, எத்தனை மணி நேரம் வேலைன்னு கேட்டுக்கோ.

கடைசியா ஒண்ணு. வாங்குன காசைத் திருப்பித் தராதவன்கிட்ட வசூல் பண்ணுததை, கல்லுல ரத்தம் எடுக்கதும்பான். நாம கல்லுல நார் உரிக்கதும்போம். ரெண்டும் கெடைக்காதுங்கதுல அவனுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்ல. அந்த ஒரு வசனத்தை மட்டும் நல்ல உச்சரிப்போட படிச்சு, கெளம்புததுக்கு முன்னால உங்க அப்பன்கிட்ட சொல்லிக் காட்டு. வெதைநெல்லுக்குன்னு முடிஞ்சு வச்சிருந்த பணத்தை உன் டிக்கெட்டுக்குன்னு வாங்கிட்டுப் போனான். பங்குனியில தாரேன்னான். எந்த வருசத்துப் பங்குனின்னு கேட்டுட்டு வா.